நான் ஒன்றும் செய்யவில்லை!

நம் ஊர்ப் பக்கத்தில் "ஆபீஸ்" என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. சென்னைப் பட்டணத்தில் ஒருவர் "ஆபீஸுக்குப் போகிறேன்" என்றால் மேஜை, நாற்காலி, மின்சார விசிறி, மத்தியானத்துக் கொட்டாவி ஆகியவை நம் மனக்கண் முன் வந்து நிற்கும். விருதுநகரை விட்டுச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று போகப் போக அர்த்தம் வேறாகிவிடும். அங்கே பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பெயர் பட்டாசாபீஸ்; தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் தீப்பெட்டியாபீஸ். விடிந்தும் விடியாத வேளையில் தூக்குச்சட்டியும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்மணிகளை "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், "ஆபீஸுக்கு" என்றுதான் பதில் வரும்.

மேஜை நாற்காலி ஆபீஸுக்கும் மருந்து இடிக்கும் ஆபீஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் வெகு காலம் வரையில் யோசித்துப் பார்த்ததில்லை. சென்ற வருஷம் பதினாலு வயதுப் பையன் ஒருவன் அதை நமக்குக் கற்பித்தான். அந்தச் சங்கதியைச் சொல்லுவதற்கு முன்னால், நம்மைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் ஒரு கணித உபாத்தியாயர். வயது 46. மதுரைக் காமராஜர் சர்வகலாசாலையின் பட்டம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் உத்தியோகம். பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் பள்ளி ஆபீஸிலுள்ள பிரிண்டர் யந்திரம் காகிதத்தை விழுங்கிவிட்டுத் திக்குமுக்காடிக் கொண்டிருந்தது. அகஸ்மாத்தாக அந்தப் பக்கம் போன நாம், மூடியைத் திறந்து காகிதத்தை மெதுவாக இழுத்து வெளியே எடுத்தோம். தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டார். "ஸாருக்குக் கம்ப்யூட்டர் தெரியுமென்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே!" என்றார். தலையெழுத்து நிர்ணயமாவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. அன்று முதல் பள்ளிக்கூடத்திலுள்ள அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் நாமே வைத்தியர்.

யந்திரங்களுக்கு வரும் நோய் கொஞ்சந்தான். பக்கத்திலிருப்பவர்கள் செய்யும் கைவைத்தியத்தினால் வரும் நோய்தான் அதிகம். ஆபீஸ் உதவியாளர் ஒருவர் இருந்தார், மகா சுத்தக்காரர். யந்திரத்தின் உள்ளே தாம் எழுதாத கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதைக் கண்டு, "இந்தக் குப்பையை யார் போட்டது?" என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அந்தக் குப்பைதான் யந்திரத்தின் உயிர் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வைரஸ் பயத்தினால் மூன்று காவல் மென்பொருள்களைக் குடியேற்றினார். மூன்று காவற்காரர்களும் ஒருவரையொருவர் திருடனென்று சந்தேகித்து மல்லுக்கு நின்றதில், வீட்டுக்காரன் நடமாட இடமில்லாமற் போயிற்று.

எழுத்துருவின் கதை இன்னும் வேடிக்கையானது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், யந்திரத்தின் வயிற்றுக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். மேலே போர்த்திய சட்டைதான் தமிழ். யாராவது அழகுக்காக எழுத்துருவை மாற்றினால் சட்டை கழன்றுவிடும். அப்போது "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லை இளிக்கும். இந்தக் குழப்பம் தீர வேண்டுமென்றுதான் 1999-ஆம் வருஷம் சென்னையில் அறிஞர்கள் கூடித் தமிழுக்குப் பொதுவான விசைப்பலகை ஒன்று வகுத்தார்கள். யூனிகோடு முறை பரவிய பின் தமிழெழுத்துக்கு எந்த யந்திரத்திலும் சொந்த எண் கிடைத்துவிட்டது. ஆனாலும் நமது பள்ளியில் மாறுதல் உத்தரவு ஒன்று ஜே, கே, பி, ஓ பாஷையில் அச்சாகிக் கையெழுத்துக்குக்கூடப் போய்விட்டது.

இவர்களையெல்லாம் விசாரித்தால் ஒரே பதில்தான். "நான் ஒன்றும் செய்யவில்லை, ஸார். அதுவாகவே ஆகிவிட்டது!" வெளியிலிருந்து ஒரு விசை தாக்காத வரையில் எந்தப் பொருளும் தன் நிலையை மாற்றிக் கொள்ளாது என்ற நியூட்டனின் விதியை வருஷந்தோறும் வகுப்பில் முழங்குகிற பௌதிக ஆசிரியர்கூட, கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அந்த விதிக்கு விலக்குக் கொடுத்திருந்தார்.

நாம் மட்டும் பொறுமைசாலியா? தவறு செய்தவரை நாலு பேர் நடுவில் வைத்துப் பரிகாசம் செய்வதில் நமக்கு ஓர் இன்பம் இருந்தது. கம்ப்யூட்டர் அறையின் வாசலில், "யாரும் யந்திரத்தில் கை வைக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தோம். கை வைப்பதற்காகவே வாங்கிய யந்திரத்துக்கு அப்படியொரு பலகை பொருந்துமா என்று நமக்குத் தோன்றவில்லை.

சென்ற வருஷம் பொதுத் தேர்வு எழுதும் மாணவர்களின் பெயர்ப்பட்டியலைத் திருத்துவதற்குக் கடைசி நாள். ஒரு பெண்ணின் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்துப் பிழை; இன்னொரு பையனின் பிறந்த தேதி தவறு. சான்றிதழில் ஏறிவிட்டால் பிறகு அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை படி ஏறி இறங்க வேண்டுமென்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆபீஸ் யந்திரம் படுத்துவிட்டதால், மாணவர்களின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார் உதவியாளர். அங்கேயுள்ள திரைகள் எல்லாம் ஒரே தலைமைப் பெட்டியைச் சார்ந்தவை. எந்தத் திரையிலும் அரசாங்கத் தளம் திறக்கவில்லை. "ஏதோ இங்கிலீஷில் வந்தது, ஸார், மூடிவிட்டேன்" என்றார்.

நாம் பார்த்தோம். "இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல" என்ற பெரிய எழுத்தைப் பார்த்ததும் நமக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. இணைய இணைப்புக் கம்பியைப் பிடுங்கி மாட்டினோம். இணைப்புக் கொடுத்தவரைத் தொலைபேசியில் வைதோம். அறையில் கடைசியாக யார் இருந்தார்கள் என்று வக்கீலைப் போலக் குறுக்கு விசாரணை செய்தோம். ஐந்து ஆசிரியர்கள், ஓர் உதவியாளர். ஆறு பேரும், "நான் ஒன்றும் செய்யவில்லை" என்றார்கள். மூன்று மணி நேரம் போய்விட்டது.

மத்தியான மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"ஸார், நான்தான் ஸார்."

"என்னடா நீதான்?"

"வருஷத்தை மாத்திட்டேன், ஸார். நேத்து."

விஷயம் இதுதான். அவனுடைய அண்ணன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் காலண்டருக்குப் படம் சமைக்கிறவன். தம்பிக்கும் பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள் வரைய வேண்டுமென்று ஆசை. படம் வரையும் மென்பொருள் ஒன்றை ஏற்றி வைத்திருந்தான். அது 30 நாள் மட்டும் இலவசமாக உழைக்கும். பிறகு காசு கேட்கும். யந்திரத்தின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அது நாட்கணக்கை மறந்துவிடும் என்று எவரோ சொன்னதை நம்பி, வருஷத்தில் மட்டும் ஒன்றைக் குறைத்துவிட்டான். கடிகாரம் தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும் ஏற்பாட்டையும் அணைத்துவிட்டான். இதற்கு வேண்டிய சங்கேதச் சொல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், நமது சகா ஒருவர் அதைச் சீட்டில் எழுதித் தலைமைப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருந்தார்!

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் நம் யந்திரத்திடம் ஓர் அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். நம் யந்திரமோ போன வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரப்போகும் தேதியிட்ட செக்கைப் பாங்கியில் நீட்டினால் என்ன சொல்லுவார்களோ, அதையே அதுவும் சொல்லிற்று. நாளும் மாதமும் மணியும் சரியாகவே இருந்தபடியால் வருஷத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. பெரிய எழுத்தின் கீழே சிறிய எழுத்தில், "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று யந்திரம் மூன்று மணி நேரமாகக் கதறிக் கொண்டிருந்தது. உதவியாளர் அதை மூடினார். நாம் மூடவில்லை, ஆனால் படிக்கவுமில்லை.

ஒரு நிமிஷத்தில் கடிகாரம் சரியாயிற்று. தளம் திறந்தது. பெயரும் தேதியும் திருத்தமாயின.

தலைமையாசிரியர் மட்டும் இறங்கவில்லை. "நாளைக்கு உன் அம்மாவை அழைத்துக்கொண்டுதான் வகுப்புக்கு வர வேண்டும்" என்றார். பையன் முகம் சுண்டிவிட்டது. தாயார் பட்டாசாபீஸில் வேலை செய்கிறவள். ஒரு நாள் பள்ளிக்கூடம் வந்தால் ஒரு நாள் கூலி போகும்.

நாம் அவனைத் தனியே அழைத்து, "ஆறு பெரியவர்கள் ஒன்றும் செய்யவில்லையென்று சொன்னபோது, நீ மட்டும் ஏன் வந்து சொன்னாய்? சொல்லாவிட்டால் உன்னை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?" என்று கேட்டோம்.

"எங்கம்மா சொல்லும், ஸார். மருந்தைக் கொட்டிட்டா உடனே போர்மேன்கிட்டச் சொல்லிரணுமாம். திட்டு வாங்கிக்கிடலாமாம். கூட்டி அள்ளி மறைச்சு வச்சா, அது பக்கத்து ரூமுக்காரங்களுக்கும் சேத்து வெனையாம்."

பட்டாசாபீஸின் ஒழுங்குகள் நமக்குத் தெரியாதவையல்ல. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தூரந் தூரமாக இருக்கும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கலாகாது. பூமியோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஞ்சிய மருந்துக் கலவையை இரவு தங்க வைக்கக் கூடாது. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். சாயங்காலம் மறைத்து வைத்தது, ஒருவரும் தொடாமலே நடுநிசியில் பற்றிக்கொள்ளும். 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் தினம் வரும்போதெல்லாம் அந்தப் புகையும் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆபீஸில் "அதுவாகவே ஆகிவிட்டது" என்று சொல்லுவதற்கு ஆள் மிஞ்சுவதில்லை.

பையன் சொன்னதைக் கேட்டபோது நமக்கு அவனுடைய தாயாரின் நினைவு வரவில்லை. நமது பழைய பாவம் ஒன்றின் நினைவு வந்தது. நேயர்களிடம் அதை மறைப்பதற்கில்லை.

நமது பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். கரிசல் காட்டுச் சொற்களில் அவருக்கு அபாரப் பற்று. கிணற்றுக்கும், மாட்டுக்கும், மண்ணுக்கும், மழைக்கும் கிராமத்துக் கிழவர்கள் வழங்கும் பெயர்களைச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வருவார். பதினொரு வருஷத்து உழைப்பை ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் தாமே ஒற்றை விரலால் அடித்துச் சேர்த்திருந்தார். 2014-ஆம் வருஷம் அந்த யந்திரம் மந்தமாகிவிட்டதென்று அதைத் துடைத்துப் புதிதாக்க முற்பட்டோம். டி என்னும் பகுதியில் இருந்ததையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு, சி என்னும் பகுதியைத் துடைத்தோம். பெரியவரோ தம் கோப்பைத் திரையின் முகப்பிலேயே, கண்ணெதிரில் இருக்கட்டும் என்று வைத்திருந்தார். முகப்பில் இருப்பது சி பகுதியில்தான் வாசம் செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், பார்க்க மறந்தோம்.

ஒரு மணி நேரத்துக்குள் நமக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் அவர் கேட்டபோது என்ன சொன்னோம் தெரியுமா? "வைரஸ், ஐயா" என்றோம்.

அந்த வைரஸ் நாமேதான்.

இதிலே கொடுமை எதுவென்றால், அந்தக் காலத்துச் சுழல்தட்டில் ஒரு பகுதியை விரைவாகத் துடைக்கும்போது உண்மையில் எழுத்து அழிவதில்லை. புஸ்தகத்தின் பொருளடக்கம் கிழிக்கப்படுகிறது. ஏடுகள் அப்படியே கிடக்கின்றன. புதிதாக எழுதுவது அவற்றின் மேல் விழும்போதுதான் பழையது போகிறது. உடனே யந்திரத்தை நிறுத்தி, மீட்கத் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால், பெரும்பகுதி திரும்பி வந்திருக்கலாம். ஆனால் நிறுத்துவதானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆகவே அந்த யந்திரத்தில் தினந்தோறும் வருகைப் பட்டியலும் மதிப்பெண்ணும் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு நாளும் கரிசல் காட்டுச் சொற்கள் சில மண் மூடிப் போயின. ஊராரைக் குறுக்கு விசாரணை செய்யும் வைத்தியரின் யோக்கியதை இது!

அன்று மாலையே தலைமையாசிரியரின் அறைக்குப் போனோம். அமெரிக்காவில் நடைபெறும் ஓர் ஏற்பாட்டை அவருக்குச் சொன்னோம். அங்கே ஆகாய விமானிகள் வேண்டுமென்று செய்யாத தவறுகளைத் தாங்களே எழுதித் தெரிவிப்பதற்கு 1976-ஆம் வருஷம் ஒரு திட்டம் ஏற்பட்டது. அதை நாஸா ஸ்தாபனம் நடத்துகிறது. வருகிற கடிதத்தில் எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு, தவற்றை மட்டும் எல்லாருக்கும் பாடமாக்குகிறார்கள். 10 நாட்களுக்குள் எழுதித் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் கிடைக்கக்கூடும். ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கே அது உதவுகிறதென்றால், ஒன்பதாம் வகுப்புக்கு உதவாதா?

"அதெல்லாம் சரி, ஸார். தொடாதே என்றால் ஏன் தொடுகிறான்?" என்றார் அவர்.

"தொட்டவர்களால் பிழைத்த ஊர் ஸார் இது" என்றோம். 1922-ஆம் வருஷம் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த சீமையில் கற்றுக் கொடுக்க அப்போது எந்தப் பள்ளிக்கூடம் இருந்தது? ஜெர்மனியிலிருந்து யந்திரம் தருவித்தார்கள். அது கட்டுபடியாகவில்லையென்று கண்டதும் கைவேலைக்கு மாறினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, லேபிளுக்காக அச்சுத் தொழில், அதிலிருந்து தேசமெங்கும் சுவரில் தொங்கும் காலண்டர்! தொட்டுப் பார்த்து, கெட்டுப் போய், மறுபடியும் தொட்டதில் வளர்ந்த ஊர்தானே சிவகாசி? லேபிள் வரைய ஆசைப்பட்ட பையனை அந்த வம்சத்திலிருந்து தள்ளி வைப்பது எப்படி?

இவ்வளவும் சொல்லிவிட்டு, 2014-ஆம் வருஷத்துச் சங்கதியையும் சொன்னோம். தலைமையாசிரியர் சற்று நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்தார். பிறகு, "அந்தம்மா வர வேண்டாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் தமிழாசிரியர் வீட்டுக்குப் போனோம். 2016-ஆம் வருஷமே ஓய்வு பெற்றுவிட்டவர். திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். காப்பி ஆறும் வரை வாய் வரவில்லை. பிறகு ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தோம்.

அவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா எடுத்திருக்கலாமா, தம்பி?"

"பெரும்பாலும் எடுத்திருக்கலாம், ஐயா."

வெகு நேரம் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து உள்ளே போய், நீளக் குறிப்புப் புஸ்தகம் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். ஞாபகத்துக்கு வந்தவற்றை மறுபடியும் கையால் எழுதி வைத்திருக்கிறார். "கால்வாசிதான் திரும்பி வந்துச்சு. சொல்லிக் குடுத்த கெழவங்க பல பேரு இப்ப இல்லை" என்றார். புறப்படும்போது, "இதையாவது ரெண்டு எடத்துல வச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புஸ்தகத்தை யூனிகோடு எழுத்தில் அடித்து, மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். பாதியை அடித்தவன் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன். இடையிடையே தன் பாட்டியைக் கேட்டு, அதில் இல்லாத சொற்களும் சில கொண்டு வந்தான். முகப்பு அட்டைக்குப் படமும் வரைந்திருக்கிறான், காசு கேட்காத மென்பொருளில்.

கம்ப்யூட்டர் அறை வாசலிலிருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டோம். புதுப் பலகையில், "தொடலாம். கெட்டுப் போனால் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னவருக்குத் திட்டு இல்லை" என்று எழுதியிருக்கிறது. முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. நமது நாக்கை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்புவார்களா? இரண்டாம் வாரம் சுத்தக்கார உதவியாளர் வந்து, மறுபடியும் எதையோ அழித்துவிட்டதாகச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னதற்கு வந்தனம்" என்றோம். பத்து நிமிஷத்தில் மீட்டுக் கொடுத்தோம்.

போன வெள்ளிக்கிழமை வராந்தாவில் தலைமையாசிரியர் எதிர்ப்பட்டார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"அந்தப் பலகையில் எழுதியிருப்பது தலைமையாசிரியருக்கும் உண்டா, ஸார்?"

"உண்டு, ஸார்."

"அப்படியானால் என் அறைக்கு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போங்கள்."